பூசணிக்குப் பூசணம் பிடித்த கதை

தீபாவளிக்கு மறுநாள் காலையில், மிச்சமிருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், பூசணியின் இடது விலாவில் பஞ்சு ஒட்டியிருந்தது. பூசணி எங்கள் வீட்டு ஒராண்டா தங்கமீன். உருண்டை உடம்பும் ஆரஞ்சு நிறமுமாக இருப்பதால் மகள் வைத்த பெயர். வாங்கி நான்கு வருடமாகிறது, இப்போது என் உள்ளங்கை கொள்ளாது. "பூசணிக்குப் பூசணம் பிடிச்சிருச்சுப்பா" என்றாள் மகள், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. சிரிக்கிற நேரமில்லைதான், சிரித்துவிட்டேன்.

மீன் இப்போது நன்றாக இருக்கிறது, அதனால் பயப்படாமல் படிக்கலாம். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அண்ணே, ஃபங்கஸ் வந்திருச்சு, ஊபாட் பீரு எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டுவிட்டார்கள். ஊபாட் பீரு என்றால் மலாயில் நீல மருந்து, மெத்திலீன் ப்ளூ, எங்கள் பினாங்கில் எந்த மீன் கடையிலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். வந்த மூன்று படத்தில் ஒன்றுதான் பூஞ்சணம். இன்னொன்று பாக்டீரியா. மூன்றாவது நோயே இல்லை. ஆண் தங்கமீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் ஊசிமுனை போல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வரும், மாப்பிள்ளைக் களை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்குப் போய் மருந்து ஊற்றப் பார்த்தார் அந்தத் தம்பி.

பஞ்சை எப்படி அடையாளம் காண்பது? விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசி டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். பூசணியின் விலாவில் ஒரு செதில் இல்லை, அந்த இடத்தில் பத்து சென் நாணயம் அளவுக்கு ஒரு குஞ்சம். ஒவ்வோர் இழையும் தனித்தனியாக, தோலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, ஃபில்டர் தள்ளுகிற தண்ணீரில் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. இலவம்பஞ்சைப் பிய்த்து ஒட்டவைத்த மாதிரி. அடிப்பக்கம் வெள்ளை, நுனியில் லேசான பழுப்பு, ஏனென்றால் தொட்டியில் மிதக்கிற தூசியெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும், பாசி ஏறினால் பச்சையாகக்கூட மாறும். வலையில் அள்ளி வெளியே எடுத்த அடுத்த நொடி அந்தக் குஞ்சம் படிந்து, சளி ஒட்டிய மாதிரி ஆகிவிட்டது. திரும்பத் தண்ணீரில் விட்டதும் மறுபடி விரிந்தது. இப்படி நின்று ஆடுகிற நீள இழைதான் உண்மையான பூஞ்சணத்தின் முகம்.

பாக்டீரியா வேறு மாதிரி. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பன்னிரண்டு கப்பி மீன்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு விற்றார்கள், மகள் கேட்டாள், வாங்கினேன். இரண்டாம் நாள் ஒரு மீனின் உதட்டைச் சுற்றி வெள்ளை. இன்னொன்றின் முதுகில் குதிரைச் சேணம் போட்டது போலச் சாம்பல் வெளுப்புப் பட்டை, ஓரங்களில் கொஞ்சம் மஞ்சள். தொட்டால் படிந்திருக்கும் போல, இழை எதுவும் எழும்பி நிற்கவில்லை. நானும் "ஃபங்கஸ்" என்றேன், நீல மருந்தை ஊற்றினேன், அதோடு நிற்காமல் ஏதோ ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் சூட்டை ஏற்றச் சொன்னார் என்று ஹீட்டர் வாங்கி வந்து 32 டிகிரிக்குத் திருகிவிட்டேன். மறுநாள் காலை ஒன்பது மீன் மேலே மிதந்தது.

அதன் பெயர் காலம்னாரிஸ். வாயில் வருவதால் ஆங்கிலத்தில் பஞ்சு வாய் என்றும் சொல்வார்கள், பூஞ்சணத்தோடு குழப்பிக்கொள்வதற்கு அந்தப் பெயரே பாதிக் காரணம். வெதுவெதுப்பான தண்ணீர்தான் அதற்குச் சொர்க்கம், சூடு ஏற ஏற வேகம் கூடும், ஓரிரு நாளில் தொட்டியே காலியாகும். சூட்டை ஏற்றச் சொல்லும் வைத்தியம் வெள்ளைப்புள்ளி நோய்க்கு, அதாவது உடம்பெல்லாம் தூளுப்பு தூவியது போல வருமே, அந்த ஒட்டுண்ணிக்கு. அதுவும் 22, 23 டிகிரியில் தொட்டி வைத்திருக்கிற ஊருக்கு. நம் ஊரில் ஹீட்டரே இல்லாமல் மதியம் 30 டிகிரி நிற்கிறது, ஃபிளாட்டில் மேற்குப் பார்த்த சுவர் என்றால் இன்னும் ஒன்று கூடும். இதற்கு மேல் எங்கே ஏற்றுவது?

ஆகவே என் கணக்கு இதுதான்: பினாங்குத் தண்ணீரில், வந்த மறுநாளே மீன் சாகிற அளவுக்கு வேகமாக ஓடுகிற "ஃபங்கஸ்" பெரும்பாலும் ஃபங்கஸ் இல்லை. உண்மையான நீர்ப் பூஞ்சணம் குளிர்ந்த தண்ணீரில்தான் மூர்க்கமாக இருக்கும், சால்மன் பண்ணைக்காரர்களைத்தான் அது படுத்தி எடுக்கிறது. இங்கே அது காயத்திலும் செத்த முட்டையிலும் மெதுவாக உட்காரும். மெதுவாக என்றால் நமக்கு யோசிக்க நேரமிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பாட்டிலைத் திறக்காமல் மீனைப் பாருங்கள்.

மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. அவளுடைய அறிவியல் பாடத்தில் நுண்ணுயிர் ஐந்து வகை: பாக்டீரியா, வைரஸ், பூஞ்சணம், புரோட்டோசோவா, அல்கா. தொட்டியில் வருகிற வெள்ளையெல்லாம் இதில் எங்காவது விழும். உதட்டு வெள்ளை பாக்டீரியா. தூளுப்பு புரோட்டோசோவா. துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி கெட்டியாக ஒரு முடிச்சு வந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ், அதற்கு மருந்தே இல்லை, பெரும்பாலும் தானாக வடியும். பஞ்சு மட்டும் பூஞ்சணம் என்று எழுதப் போனாள், அங்கேதான் சிக்கல். சப்ரோலெக்னியா என்கிற இந்தப் பஞ்சு பார்க்கத்தான் பூஞ்சணம், பிறப்பில் வேறு சாதி. பூஞ்சணத்தின் செல்சுவர் கைட்டினால் ஆனது, இதற்கு செல்லுலோஸ். இதன் வித்துக்கு இரண்டு வால் உண்டு, தண்ணீரில் நீந்திப் போய்க் காயத்தைத் தேடி ஒட்டும். கடலில் இருக்கிற பழுப்புப் பாசிதான் இதற்குத் தூரத்துச் சொந்தம். நெருங்கின சொந்தம் யார் தெரியுமா, 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகவைத்துப் பஞ்சத்தை உண்டாக்கியதே, அந்தக் கூட்டம். பாலேக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், மரத்தின் அடித்தண்டு பழுப்புத் தண்ணீர் விட்டு அழுகுகிற நோயைப் பற்றிப் புலம்புவார்கள். அதுவும் இதே குடும்பம்தான். பரீட்சையில் இதையெல்லாம் எழுதி வைக்காதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

இதில் ஒரு பயன் இருக்கிறது. நமக்குப் படை, சேற்றுப்புண் வந்தால் பூசுகிற களிம்பு இந்தப் பஞ்சிடம் சரியாக வேலை செய்யாது, அந்த மருந்து தாக்குகிற சமாச்சாரமே இதன் உடம்பில் கிடையாது. ஒருவர் உண்மையாகவே பூசியிருக்கிறார், அதனால் சொல்கிறேன்.

சரி, பூசணிக்கு வருவோம். நிபோங் திபாலில் இருக்கிற மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிகளில் நாற்பது வருடமாக மீன் வளர்க்கிறவர், எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவரும் அவர்தான். படத்தைப் பார்த்தார். "தோல்ல ஓட்ட விழாம அது உள்ள வராதுடா. ஓட்டய யாரு போட்டான்னு மொதல்ல பாரு" என்றார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை அளக்கும் சோதனைக் குழாயை எடுத்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஆறு மாதமாகச் சுத்தமாக இருந்த தொட்டி! வீட்டில் விசாரணை. தீபாவளிக்கு முதல் நாள் எல்லாரும் வீடு கழுவிக்கொண்டிருந்தபோது, அக்கா மகன் எனக்கு உதவி செய்கிறேன் என்று ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழற்றிக் குழாய்க்கு அடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து, வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை கழுவியிருக்கிறான். பாவம், நல்ல எண்ணம்தான். அந்த அழுக்கில்தான் அமோனியாவைத் தின்கிற பாக்டீரியா குடியிருக்கிறது, குழாய்த் தண்ணீர் குளோரின் போட்டு வருகிறது, ஒரே கழுவலில் குடி காலி. அப்புறம் மறுநாள் வந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி தீனி போட்டிருக்கிறார்கள், கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள், மீன் பயந்து கல்லில் மோதிச் செதிலை உதிர்த்திருக்கிறது. அமோனியா தோலின் வழவழப்பை அரித்துவிட்டது. பஞ்சின் வித்து எந்தத் தொட்டியிலும் எப்போதும் இருக்கும், அழுகுகிற இலையையும் மிஞ்சிய தீனியையும் தின்று பிழைத்துக்கொண்டிருக்கும். கதவு திறந்திருந்தது, வந்து உட்கார்ந்துகொண்டது.

அவனைத் திட்டவில்லை. பதின்மூன்று வயதில் நானும் மாமாவின் தொட்டிக்குச் சவர்க்காரம் போட்டிருக்கிறேன்.

வைத்தியம் இப்படி. துணி வைக்கிற 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை நன்றாக அலசி, தோங்கில் (பீப்பாயில்) பிடித்துக் குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, காற்றுக்கல் போட்டு, மீனை அதற்கு மாற்றினேன். பெரிய தொட்டியில் மருந்து ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீல மருந்து ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும், செடியை வாட்டும், கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசையை நிரந்தரமாக நீலமாக்கும்.

உப்பு லிட்டருக்கு 3 கிராம். 40 லிட்டருக்கு 120 கிராம், சமையலறைத் தராசில் நிறுத்து, 40 கிராமாக மூன்று தடவை, ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் கரைத்துவிட்டேன். சாதாரணக் கல் உப்புதான், மீன் படம் போட்ட டப்பா உப்புக்கு நாலு மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை. தினமும் பாதித் தண்ணீர் மாற்றும்போது, புதிதாக ஊற்றுகிற 20 லிட்டருக்கு 60 கிராம் மட்டும் சேர்க்க வேண்டும். நிறைய பேர் தவறுவது இந்த இடத்தில்தான்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, வற்றின தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் உப்பையும் போட்டால் மூன்றாம் நாள் கருவாடு. நன்னீர் மீனின் உடம்புக்குள் காயம் வழியாகத் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும், அதை வெளியேற்றவே அதன் சக்தி நிறையப் போய்விடும், வெளியே கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தச் சுமை குறைகிறது, பஞ்சுக்கும் உப்பு பிடிக்காது. தங்கமீன், கப்பி, மொல்லி எல்லாம் இந்த அளவைத் தாங்கும். கோரிடோராஸ் மாதிரிச் செதிலில்லாத சிறு கெளுத்தி வகைக்கு லிட்டருக்கு ஒரு கிராமோடு நிறுத்திக்கொள்வேன்.

முதல் நாள் மட்டும் ஒரு காரியம் கூடுதலாகச் செய்தேன். கை நனைத்து, நனைத்த துணியில் மீனை வைத்து, கண்ணையும் மூடிவிட்டு (அதற்கு இமை கிடையாது, இருட்டினால் துள்ளாது), காது குடையும் பஞ்சுக்குச்சியில் நீல மருந்தைத் தோய்த்துக் குஞ்சத்தின் மேல் ஒற்றி எடுத்தேன். செவுள் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. மனைவி டார்ச் பிடித்தாள், மகள் எண்ணினாள், இருபத்தைந்து எண்ணுவதற்குள் தண்ணீருக்குள் விட்டாயிற்று. என் விரல் ஒரு வாரம் நீலமாகவே இருந்தது, வேலையிடத்தில் "எலெக்ஷன் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்கள். இந்த மருந்து பிறந்ததே துணிச் சாயமாகத்தான், 1876-ல். 1891-ல் ஜெர்மனியில் மலேரியா நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குணமானது. மீன் கடைக்கு எப்போது வந்து சேர்ந்ததோ.

மூன்றாம் நாள் பஞ்சு இல்லை, சிவந்த சதை மட்டும். அதைப் பார்த்து மோசமாகிவிட்டது என்று மகள் அழுதாள், உண்மையில் அதுதான் நல்ல அறிகுறி. ஒன்பதாம் நாள் தோல் மூடியிருந்தது. இதற்கிடையில் மாமா தன் பழைய தொட்டியிலிருந்து கரும்பழுப்பு அழுக்கோடு ஒரு ஸ்பாஞ்சை ஈரமாகவே பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய தொட்டியில் அதைப் பொருத்தி, தினமும் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றினேன். அவசரப்பட்டு முழுவதும் மாற்றக் கூடாது. நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது, நாள்பட்ட தொட்டியில் பிஎச் மெல்ல இறங்கியிருக்கும், அந்த நிலையில் அமோனியா அவ்வளவாகக் கடிக்காத வடிவத்தில் கிடக்கும். ஒரேயடியாகப் புதுத் தண்ணீர் ஊற்றி பிஎச் ஏறினால் அதே அமோனியா விஷமாக மாறும். "தண்ணி மாத்தினேன், செத்துப்போச்சு" என்கிற கதைகளில் பாதிக்குமேல் இதுதான் என்பது என் சந்தேகம்.

மலாக்கைட் பச்சை என்று ஒரு மருந்து உண்டு. பஞ்சுக்கு அதைவிட வேகமானது எனக்குத் தெரிந்து இல்லை, ஆனாலும் நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. புற்றுநோய் சந்தேகத்தால் சாப்பிடும் மீனுக்கு அதைப் பல நாடுகளில் தடை செய்திருக்கிறார்கள், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வீட்டில் பிள்ளை இருக்கிறது. கெத்தாப்பாங் இலை, ஊரில் நாட்டு வாதுமை என்பார்களே, அது காய்ந்து விழுந்த பழுப்பு இலையாக இருந்தால் சண்டை மீன் தொட்டியில் ஒன்று போடலாம், அதன் துவர்ப்பு கொஞ்சம் காக்கும். வந்த பஞ்சை அது தீர்க்கும் என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். காலம்னாரிஸ் என்றால் மேலே சொன்னதெல்லாம் போதாது. மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசவிட்டு இரண்டு டிகிரி இறக்குங்கள், காற்றைக் கூட்டுங்கள், ஆண்டிபயாட்டிக்குக்கு விலங்கு மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் மிஞ்சியிருக்கிற மாத்திரையை உடைத்துப் போட வேண்டாம்.

முட்டையைப் பற்றி ஒரு சங்கதி. பினாங்கு டிஸ்கஸ் மீன் வளர்ப்புக்குப் பேர்போன ஊர், பினாங்கு இரப்ஷன் என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு வகை உண்டு. நான் வழக்கமாகப் போகிற கடை அங்கிள் பின்கட்டில் டிஸ்கஸ் பொரிக்கவைக்கிறார். ஒருநாள், மீன் முட்டையிட வைத்த கூம்பின் மேல் வரிசையாக இருந்த முட்டைகளைக் காட்டினார், தேன் நிறத்தில் நூறு, நடுவே பால் வெள்ளையாக ஏழெட்டு. "தெலூர் பூத்தே, புவாங்" (வெள்ளை முட்டை, தூக்கிப் போடு) என்று சொல்லிக்கொண்டே தாய்மீன் வெள்ளையைக் கொத்தி எடுத்ததைக் காட்டினார், அவர் சொல்லி அது கேட்ட மாதிரி. வெள்ளையானது செத்த முட்டை. பஞ்சு முதலில் அதில் முளைத்து, பக்கத்திலிருக்கிற உயிருள்ளதையும் இழையால் மூடி மூச்சடைக்க வைக்கும். தாய் எடுக்காவிட்டால் நாம் எடுக்க வேண்டும். நீல மருந்துக்கு உண்மையில் பொருத்தமான வேலை இதுதான், முட்டைத் தண்ணீர் வெளிர் நீலமாக இருக்குமளவுக்கு.

மாமா அன்றைக்கு ஸ்பாஞ்சோடு வந்தபோது பேச்சு விராலுக்குப் போனது, இங்கே ஹாருவான் என்றால்தான் புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் மழை ஓய்ந்த பிறகு வயல் வாய்க்காலில் பிடித்த ஹாருவானெல்லாம் தலையிலும் விலாவிலும் நெருப்புப் பட்டது போலப் புண்ணோடு வந்ததாம், சிலதில் எலும்பே தெரிந்ததாம், யாரும் வாங்கவில்லையாம். அது அஃபனோமைசிஸ் என்கிற இன்னொரு நீர்ப் பூஞ்சணம். நம் பஞ்சு போல மேலே நிற்காது, சதைக்குள் துளைத்துக்கொண்டு போகும். ஜப்பானில் 1971-ல் முதலில் பார்த்தார்கள், அப்புறம் தென்கிழக்காசியா முழுக்கப் பரவியது. அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் புண் ஆறட்டும் என்று நாம் எந்த மீனைச் சூப் வைத்துக் கொடுக்கிறோமோ, அதே மீனைத்தான் அது அதிகமாகப் பிடித்தது. "ஊருக்கே மருந்து குடுத்தவனுக்கு வந்துச்சு பாரு" என்று மாமா காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

பூசணி பன்னிரண்டாம் நாள் பெரிய தொட்டிக்குத் திரும்பியது. விலாவில், பஞ்சு இருந்த இடத்தில், கரியால் தொட்டு வைத்தது போல ஒரு கறுப்பு. தங்கமீனுக்குக் காயம் ஆறும்போது இப்படிக் கறுப்பது வழக்கம், நான் பார்த்துப் பதறி மறுபடி சோதனைக் குழாயைத் தேடினேன், மகளுக்குப் பதற்றமே இல்லை. திருஷ்டிப் பொட்டு என்றாள். திருஷ்டிக்குப் பூசணிக்காயை உடைப்பார்கள், இங்கே பூசணிக்கே பொட்டு வைத்திருக்கிறது. இப்போது இரண்டு மாதமாகிறது, கறுப்பு வெளுத்துக்கொண்டே வருகிறது, புதுச் செதில் பளபளப்பாக ஏறிவிட்டது. பொட்டு போகாமல் இருக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்கிறாள்.